டிசம்பரில் ரொறன்ரோவிலிருந்து வின்னிப்பெக் வரை காரில்: கேள்வி பதில்

நத்தார் விடுமுறையில் வட ஒன்ராறியோ வழியாக வின்னிப்பெக்குக்குக் காரில் போக எண்ணுகிறவர்கள் கேட்ட கேள்விகளுக்கு, அந்தச் சாலைகளில் நெடுங்காலம் பாரவூர்தி ஓட்டியவன் என்ற முறையில் பதில் தருகிறேன். வாகனத் திருத்தமும் காப்புறுதியும் என் துறை அல்ல. அவற்றை உரியவர்களிடமே கேளுங்கள்.

ஸ்காபுறோவிலிருந்து: இரண்டு பிள்ளைகளுடன் போகிறோம். நானும் மனைவியும் மாறி மாறி ஓட்டினால் இரண்டு நாட்களில் போய்ச் சேரலாமா?

கோடையில் முடியும், டிசம்பரில் அப்படித் திட்டமிடவே வேண்டாம். தூரம் ஏறத்தாழ 2,200 கிலோமீற்றர். சுப்பீரியர் ஏரிக்கரையில் அந்த நாட்களின் பகல் எட்டு மணி நேரத்தைச் சற்றே தாண்டும். ஆகவே இரண்டு நாள் பயணம் என்பது, நடுவில் தடுப்பு இல்லாத இருவழிச் சாலையில், எதிரே பாரவூர்திகள் கிளப்பும் பனித்தூளுக்குள், இரவெல்லாம் ஓட்டுவதாகவே முடியும். சாலையோரத்து உப்பை நக்க வரும் மூஸ் மான்களின் கரிய உடல் இருட்டில் மிக அருகில் வந்த பிறகே கண்ணுக்குப் புலப்படும்.

சூ செயின்ட் மரி, மரத்தன், தண்டர் பே, கெனோரா ஆகிய நான்கு ஊர்களில் இரவு தங்கி, ஐந்தாம் நாள் வின்னிப்பெக்கை அடையுங்கள். அதற்கு மேலும் ஒரு நாளை எதற்கும் ஒதுக்காமல் கையில் வைத்திருங்கள். இன்ன நாளில் வந்துவிடுவோம் என்று உறவினருக்கு வாக்குக் கொடுத்துவிட்டால், நிற்க வேண்டிய இடத்தில் நிற்க உங்களுக்கு மனம் வராது. வண்டியில் எதை ஏற்றுவது என்பதைவிட இதுவே முக்கியமான ஆயத்தம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இருட்டுமுன் தங்குமிடத்துக்குள் இருங்கள்.

பிரம்ரனிலிருந்து: ஆல் சீசன் ரயர் புதிதாகவே இருக்கிறது. அது போதாதா?

போதாது. வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே இறங்கும்போது அதன் இறப்பர் விறைத்து, சாலையைப் பற்றும் தன்மையை இழக்கத் தொடங்குகிறது. மூன்று சிகரங்கள் கொண்ட மலையும் அதனுள் பனித்துகளும் பொறித்த குளிர்கால ரயர்களை நான்கு சக்கரங்களுக்கும் போடுங்கள். பள்ளத்தின் ஆழம் 4 மில்லிமீற்றரை நெருங்கிவிட்ட பழைய ரயர்களை நம்பிப் புறப்படாதீர்கள். குளிரில் காற்றழுத்தம் குறையுமாதலால், காலையில் ஓட்டத் தொடங்குமுன் அளந்து பாருங்கள்.

மார்க்கத்திலிருந்து: எங்களுடையது நான்கு சக்கர இயக்கம் கொண்ட பெரிய வண்டி. எங்களுக்கும் குளிர்கால ரயர் தேவையா?

தேவை. நான்கு சக்கரங்களுக்கும் விசை போவது வண்டியைக் கிளப்ப உதவும். நிறுத்துவதற்கு ரயரின் பிடி மட்டுமே உண்டு.

அஜக்ஸிலிருந்து: ஒன்ராறியோவில் குளிர்கால ரயர் கட்டாயம் இல்லையே?

இல்லைதான். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயம். சட்டம் கேட்கவில்லை என்பதற்காகப் பனி விட்டுக்கொடுப்பதில்லை. ரயர் பற்றி வந்த மற்றக் கேள்விகள் அனைத்துக்கும் மேலே உள்ள இரண்டு பதில்களே பதில்.

மிசிசாகாவிலிருந்து: 17ஆம் நெடுஞ்சாலையா, 11ஆம் நெடுஞ்சாலையா?

17 ஏரியை ஒட்டிச் செல்வது. மேடும் வளைவும் மிகுந்தது. ஏரியின் ஈரக்காற்று கரையேறும்போது பனியாகக் கொட்டுவதால், சூ செயின்ட் மரிக்கும் வாவாவுக்கும் இடைப்பட்ட பகுதி ஒவ்வொரு குளிர்காலத்திலும் மூடப்படுகிறது. கொக்ரன், கப்பஸ்கேசிங், ஹேர்ஸ்ட் வழியாகச் செல்லும் 11 சமதரை. ஆனால் குளிர் கடுமை. ஹேர்ஸ்ட்டிலிருந்து லோங்லாக் வரை 200 கிலோமீற்றருக்கு மேல் காடுதான். காரில் போகும் குடும்பத்துக்கு நான் 17ஐயே சொல்வேன். ஊர்கள் அங்கே ஓரளவு நெருக்கமாக இருப்பதால் இடையில் நிறுத்திக்கொள்ளலாம்.

அதே வாசகர்: பாரவூர்திக்காரர்கள் பலர் 11இல் போகிறார்களே? அவர்களுக்குத் தெரியாததா?

ஏற்றங்களைத் தவிர்ப்பதற்காகவே அவர்கள் அதில் போகிறார்கள். நாற்பது தொன் ஏற்றிய வண்டிக்கு 17இல் உள்ள மொன்றியல் ரிவர் மேடு பெரிய சோதனை. உங்கள் காருக்கு அப்படி இல்லை. அவர்கள் நிறையப் போகிறார்கள் என்பதே நீங்கள் 11ஐத் தவிர்க்க ஒரு காரணம்.

கிச்சனரிலிருந்து: நான் இதை ஏற்க மாட்டேன். ஜனவரியில் இரு வழியாலும் போயிருக்கிறேன். 17இல் வாவாவில் இரண்டு இரவு அடைபட்டோம். 11இல் ஒரு மணி நேரம்கூடத் தாமதம் இல்லை.

உங்கள் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் வாவாவில் அடைபட்டவருக்கு அறையும் உணவும் கிடைக்கும். ஹேர்ஸ்ட்டுக்கும் லோங்லாக்குக்கும் நடுவில் வண்டி நின்றுவிட்டால், கைபேசித் தொடர்பும் இல்லாமல், யாராவது வரும்வரை காத்திருக்க வேண்டும். தாமதத்தையும் ஆபத்தையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

ஆனால் உங்கள் மறுப்பில் ஒரு முக்கியமான விடயம் இருக்கிறது. இரு சாலைகளுக்குமான தெரிவைப் பெரும்பாலானோர், வழி பிரியும் பரி (Barrie) நகரிலேயே செய்துவிடுகிறார்கள். அங்கிருந்து வாவாவின் மறுநாள் வானிலையை உறுதியாகச் சொல்ல முடியாது. சட்பரி வரை வந்த பின்னும், 144ஆம் நெடுஞ்சாலையால் ரிமின்ஸ் பக்கம் ஏறி 11ஐப் பிடிக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள். சட்பரியில் 511 என்ற சாலைநிலைத் தகவல் சேவையைப் பார்த்து முடிவெடுங்கள். எவ்வழியால் போனாலும் நிப்பிகனில் இரண்டும் ஒன்றாகிவிடும். 2016 ஜனவரியில் அங்கே புதிதாகத் திறந்த பாலத்தின் தளம் மேலெழும்பியபோது, கனடாவின் கிழக்குக்கும் மேற்குக்கும் இடையிலான சாலைத் தொடர்பே துண்டிக்கப்பட்டது.

லண்டன், ஒன்ராறியோவிலிருந்து: ஏரிக்குத் தெற்கே, அமெரிக்கா வழியாகப் போகலாமே?

போகலாம், வண்டியிலுள்ள அனைவருக்கும் அமெரிக்காவுக்குள் நுழைய ஆவணம் இருந்தால். இலங்கைக் கடவுச்சீட்டில் இருப்பவருக்கு விசா வேண்டும்.

விற்பியிலிருந்து: பனியில் சிக்கி வண்டி நின்றுவிட்டால் என்ன செய்வது?

வண்டியை விட்டு இறங்கி உதவி தேடி நடக்காதீர்கள். பனிப்புயலில் சில அடிகள் போனவர்களுக்கே திரும்பி வர வழி தெரியாமல் போயிருக்கிறது. இயந்திரத்தை மணிக்குப் பத்து நிமிடம் அளவில் ஓட்டிச் சூடேற்றுங்கள். ஒவ்வொரு முறையும் அதற்குமுன் புகைக்குழாயின் வாயைப் பனி மூடாதபடி தோண்டிவிட்டு, காற்று வீசாத பக்கத்துக் கண்ணாடியைச் சிறிது இறக்குங்கள். குழாய் அடைபட்டால் உள்ளே சேரும் கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமோ நிறமோ கிடையாது. உறங்கியவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். இதற்காகத்தான் பெற்றோல் தாங்கியைப் பாதிக்குக் கீழே இறங்க விட வேண்டாம் என்கிறேன். ஆளுக்கொரு போர்வை, சவள், மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, உறைந்தாலும் உண்ணக்கூடிய உணவு ஆகியவற்றைக் கையெட்டும் இடத்தில் வையுங்கள். பின்பெட்டியின் கதவு உறைந்து திறக்காமல் போகலாம்.

ஓஷாவாவிலிருந்து: மின்சாரக் காரில் போகலாமா?

நான் மின்சார வண்டியில் அங்கே ஓட்டியதில்லை. ஓட்டியவரைக் கேளுங்கள்.

மில்ரனிலிருந்து: கைக்குழந்தைக்கு எவ்வளவு உடுப்புப் போட வேண்டும்?

தடித்த குளிரங்கியின் மேல் இருக்கைப் பட்டியைக் கட்டாதீர்கள். மோதலின்போது அங்கி நசுங்கிப் பட்டி தளர்ந்துவிடும். மெல்லிய உடுப்போடு பட்டியை இறுக்கிவிட்டு, மேலே போர்வையைப் போர்த்துங்கள்.

பிக்கரிங்கிலிருந்து: ஒரே நாளில் தண்டர் பே வரை...

முதல் பதிலைப் படியுங்கள். இருட்டுமுன் நில்லுங்கள்.

எற்றோபிக்கோவிலிருந்து: அம்மா இன்சுலின் போடுகிறவர். அவரை அழைத்துப் போகலாமா?

போகலாமா என்பதை அவருடைய மருத்துவர் சொல்லட்டும். இன்சுலினை மட்டும் பயணப் பெட்டியோடு பின்னால் வைத்துவிடாதீர்கள். இரவில் காரிலும் விடாதீர்கள். அம்மாவின் மேலங்கிக்கு உட்பையில் இருக்கட்டும். ஒருமுறை உறைந்த இன்சுலினை உருகிய பிறகும் பயன்படுத்தக் கூடாது. ஆகவே ஒரு பங்கை வேறொருவரின் அங்கிக்குள்ளும் வைத்துக்கொள்ளுங்கள்.