பக்கவாதம் வந்த அப்பாவுக்கு மெமன்டின் கொடுக்கலாமா?

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து மூன்று வாரம் ஆகிறது, குளூட்டமேட்டைத் (மூளைச் செல்கள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பும் வேதிப்பொருள்) தடுக்கும் மெமன்டின் மருந்தை மருத்துவர் ஏன் எழுதவில்லை என்று கேட்டிருந்தீர்கள். பக்கவாதத்தில் குளூட்டமேட் மூளைச் செல்களைக் கொல்லும் என்று நீங்கள் படித்தது சரிதான். ரத்தம் போகாத இடத்தில் மூளைச் செல்கள் குளூட்டமேட்டைக் கொட்டிவிடும். அது செல்லின் மேல் கதவுபோல இருக்கும் என்எம்டிஏ ஏற்பிகளைத் திறக்க, கால்சியம் வெள்ளமாகப் புகுந்து செல்லைக் கொன்றுவிடும். ஆனால் இதெல்லாம் பெரும்பாலும் முதல் சில மணி நேரத்திலேயே நடந்து முடிகிற கதை.

அந்த நேரத்துக்குள் கொடுத்தும் பார்த்துவிட்டார்கள். 1990களில் அந்த ஏற்பிகளை அடைக்கும் செல்ஃபோடெல் என்ற மருந்து விலங்குகளில் நன்றாக வேலை செய்தது. நோயாளிகளிடம் பலன் இல்லை, மனக்குழப்பமும் பிரமையும்தான் மிச்சம். சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள். நினைவுக்கும் கற்றலுக்கும் அதே ஏற்பிதானே வேண்டும், அதை ஒரேயடியாக அடைத்தால் மூளை சும்மா இருக்குமா?

மெமன்டின் லேசாக ஒட்டிச் சீக்கிரம் விலகிவிடும், அதனால் உடம்பு தாங்குகிறது. ஆனால் 2003இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது, நடுத்தர மற்றும் முற்றிய அல்சைமர் மறதிநோய்க்குத்தான், பக்கவாதத்துக்கு அல்ல. அங்கேயும் அறிகுறிகளைக் கொஞ்சம் தணிக்கும், அவ்வளவுதான்.

நீங்களாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். சிறுநீரகம் பழுதாக இருந்தால் அளவைக் குறைக்க வேண்டிய மருந்து அது. மருத்துவரிடம் இப்போது பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, ரத்த அழுத்தம் பற்றிக் கேளுங்கள்.