கறுப்புக்கு காரோ-கான்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: சதுரங்கத்தில் வெள்ளை இ4 (ராஜா முன் சிப்பாய் இரண்டு கட்டம்) ஆடினால் என் மகள் (வயது 11) தடுமாறுகிறாள். பிரெஞ்சு (பதிலுக்கு இ6), காரோ-கான் (பதிலுக்கு சி6) என்ற இரண்டு தொடக்கங்களில் எதைப் பழக்கலாம்?

காரோ-கான். பிரெஞ்சில் இ6 வைத்ததுமே சி8 பிஷப்புக்கு வழி அடைபட்டுவிடும். பல ஆட்டங்களில் அது கடைசிவரை உள்ளேயே கிடக்கும். காரோ-கானில் டி5-க்கு முட்டுக் கொடுப்பது சி6. பிஷப் எஃப்5-க்கு வெளியே வந்த பிறகுதான் இ6. இந்த வரிசையை மட்டும் முதல் வாரம் பழக்குங்கள்.

கே: ஆறாவது நகர்த்தலிலேயே செக்மேட் வாங்கினேன்! 1. இ4 சி6 2. டி4 டி5 3. குதிரை சி3, என் சிப்பாய் இ4-இல் வெட்டியது, 4. அவர் குதிரை அதை வெட்டியது. நான் 4-வதில் குதிரை டி7, வெள்ளை 5. ராணி இ2, நான் ஜி8 குதிரையை எஃப்6-க்கு எடுத்தேன், அவர் 6. குதிரை டி6. எங்கே தப்பு?

ஐந்தாவதில். தன் பிஷப்பின் வழியையே மறைத்துக்கொண்டு ராணி இ2-வுக்கு வருகிறதென்றால் காரணம் இருக்கும். காயைத் தொடாமல் பலகையைப் பாருங்கள். இ4 குதிரை நகர்ந்தால் ராணியின் பார்வை நேராக உங்கள் ராஜா மேல் விழுகிறது. நடுவில் நிற்கும் இ7 சிப்பாய் அசைய முடியாது, அதனால் டி6 குதிரையை வெட்டவும் முடியாது. ராஜாவைச் சுற்றி எல்லாம் சொந்தக் காய்கள். டி7 குதிரையையே எஃப்6-க்கு எடுத்திருந்தால் உங்கள் ராணிக்கு வழி திறந்து, டி6-இல் வெட்டியிருக்கலாம். மனம் விடாதீர்கள். இதே டி7 வகையில்தான் 1997 மே மாதம் டீப் புளூ என்ற கணினியுடனான கடைசி ஆட்டத்தில் உலக சாம்பியன் காஸ்பரோவ் ஏழாவதாக எச்6 ஆடினார். கணினி இ6-இல் குதிரையைப் பலி கொடுத்தது. 19 நகர்த்தல்களில் காஸ்பரோவ் தோற்றார். நீங்கள் 4-வதில் பிஷப் எஃப்5 ஆடுங்கள், இந்தத் தொல்லையே இல்லை.

கே: வெள்ளை 3. இ5 தள்ளினால்?

பிஷப் எஃப்5. ஆனால் அடுத்து வெள்ளை எச்4 ஆடினால் பழக்கதோஷத்தில் இ6 வைத்துவிடாதீர்கள். ஜி4, எச்5, எஃப்3 என்று சிப்பாய்களே பிஷப்பை விரட்டிப் பிடித்துவிடும். நீங்களே எச்5 ஆடி முதலில் அதற்கு இடம் காப்பாற்றுங்கள்.

கே: இது டிராவுக்கு மட்டும்தானே?

இல்லவே இல்லை. 1958 உலக சாம்பியன் பட்டத்துக்கான மறுபோட்டியின் முதல் ஆட்டத்திலேயே போட்வின்னிக் இதை ஆடி ஸ்மிஸ்லோவை வென்றார், பட்டத்தையும் மீட்டார்.

கே: டி4-க்கும் இதுவே போதுமா?

போதாது. ஆனால் டி5, அப்புறம் சி6 என்று ஸ்லாவ் என்ற தொடக்கத்தை ஆடலாம். சிப்பாய்கள் நிற்கும் விதம் பழகியதாகவே இருக்கும்.