வெறும் வயலும் பெயரில்லாத முகங்களும்

வணக்கம் சார்,

நான் திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர். போன மாதம் குடும்பத்தோடு சென்னை வந்தபோது மகள் பிடிவாதமாக ஒரு புகைப்படக் கண்காட்சிக்கு இழுத்துப் போனாள். அகதிகள், ஆலைத் தொழிலாளிகள், எல்லை முள்வேலி, போராட்டம் என்று அறை அறையாகப் படங்கள். ஒரு படத்தில் இரவு நேரத்து வயல், அவ்வளவுதான். இங்கே ஒருவர் சுடப்பட்டார் என்று கீழே ஒரு துண்டுச் சீட்டு. கூட வந்த மாமனார் தாராபுரம் பக்கத்து விவசாயி. “நம்ம வயலாட்டத்தானுங்க மாப்ளே இருக்குது, இதைப் போயி எதுக்கு மாட்டி வெச்சிருக்காங்க?” என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

ஏழைகளின் கஷ்டத்தைப் பெரிதாக அச்சடித்து ஏசி அறையில் மாட்டுவதும், வசதியானவர்கள் காபிக் கோப்பையோடு அதைச் சுற்றிப் பார்ப்பதும் எனக்கு உறுத்துகிறது. அப்புறம், உலகமே இணைந்திருக்கிறது என்று சுவருக்குச் சுவர் எழுதி வைத்திருக்கிறார்கள். தினமும் ஸ்பெயின் பையரோடும் ஸ்வீடன் பையரோடும் மல்லுக்கட்டுகிறவன் நான். எனக்கு இதை எழுதிக் காட்ட வேண்டுமா? அரசியல் சொல்லப் பத்திரிகை இருக்கிறதே, கலை எதற்கு?

எஸ்., திருப்பூர்

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் மாமனார் கேட்டதுதான் சரியான கேள்வி. அதற்கு வருகிறேன். முதலில் உங்கள் உறுத்தல்.

அதே உறுத்தலைக் கையாலேயே சொன்ன ஒரு பார்வையாளர் இருந்தார். 1959-இல் மாஸ்கோவில் நடந்த அமெரிக்கக் கண்காட்சியில், அங்கே மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ஒரு நைஜீரிய இளைஞர் சில படங்களைக் கிழித்துப் போட்டார். வெள்ளைக்காரர்கள் படத்தில் கண்ணியமாக இருக்க, ஆப்பிரிக்கர்களை மட்டும் அரை நிர்வாணமாகக் காட்டியிருக்கிறார்கள் என்பது அவர் கோபம். அவர் கை வைத்தது சாதாரணக் கண்காட்சியில் அல்ல. ‘மனிதக் குடும்பம்’ என்ற பெயரில் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் ஸ்டைக்கன் தொகுத்து 1955 ஜனவரியில் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் திறந்தது அது. 68 நாடுகள், 273 புகைப்படக்காரர்கள், 503 படங்கள். பிறகு அமெரிக்க அரசின் செலவில் ஊர் ஊராகச் சுற்றி, 90 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள் என்பது கணக்கு. இன்று நீங்கள் பார்க்கும் ‘உலக இணைப்பு’ கண்காட்சிகளுக்கெல்லாம் இதைத் தாய்வீடு என்று சொல்லலாம். இப்போதும் லக்சம்பர்க்கில் கிளேர்வோ கோட்டையில் நிரந்தரமாக இருக்கிறது. ஸ்டைக்கன் பிறந்த நாடு அது.

ஸ்டைக்கனின் எண்ணத்தில் குறை சொல்ல மாட்டேன். பனிப்போர் காலம், அணுகுண்டுப் பயம். காதல், கல்யாணம், பிரசவம், உழைப்பு, சாவு என்று வரிசையாக அடுக்கி, எல்லா ஊரிலும் மனிதன் ஒரே மாதிரிதான் என்று காட்ட நினைத்தார். படங்களைச் சட்டம் போட்டு ஒரே உயரத்தில் மாட்டவில்லை. கூரையிலிருந்து தொங்கவிட்டார், கம்பத்தில் நிறுத்தினார், சிலவற்றை ஆளுயரத்துக்கு மேல் பெரிதாக்கினார். கண்காட்சி என்பதே ஒரு கலை என்பதை அவரிடமிருந்துதான் பலரும் கற்றுக்கொண்டார்கள்.

ஆனால் எதை எடுத்து விட்டார் என்று பாருங்கள். மிசிசிப்பியில் மரத்தோடு சங்கிலியால் பிணைத்துக் கொல்லப்பட்ட ஒரு கறுப்பினத்தவரின் படம் முதலில் இருந்தது. ஜனங்கள் அதன் முன்னால் தேங்கி நின்றுவிட்டார்கள், கண்காட்சியின் ஓட்டம் கெட்டது. சில வாரங்களில் அதைக் கழற்றிவிட்டார்கள். 1956-இல் கண்காட்சி டோக்கியோ போனபோது, நாகசாகியில் குண்டு விழுந்த மறுநாள் யோசுகே யமஹாட்டா எடுத்த படங்களைச் சேர்த்தார்கள். பேரரசர் பார்க்க வந்த அன்று அவற்றின் மேல் திரை போட்டு மூடினார்கள். அப்புறம் எடுத்தே விட்டார்கள். பாரிசில் இதைப் பார்த்த பிரெஞ்சு விமர்சகர் ரோலான் பார்த், மிசிசிப்பியில் 14 வயதில் வெள்ளையரால் கொல்லப்பட்ட கறுப்பினச் சிறுவன் எமெட் டில்லின் பெற்றோரிடம் போய் இந்த மனிதக் குடும்பத்தைப் பற்றிக் கேளுங்கள் என்று எழுதினார்.

நம் ஊரில் குடும்பம் என்றால் கல்யாணம் காட்சிக்கு அடுத்தபடி ஞாபகம் வருவது பாகப்பிரிவினைதானே? யாருக்கு எந்த வரப்பு, கிணற்றில் யாருக்கு எத்தனை முறை தண்ணீர். ஸ்டைக்கனின் குடும்பத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள், அழுகிறார்கள். பங்கு பற்றி மட்டும் பேச்சே இல்லை. சுவரில் எழுதிய வாசகம் உங்களுக்கு எரிச்சலூட்டியதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். அரசியல் அதிகமாகிவிட்டது என்கிறீர்கள். எனக்கென்னவோ அந்த வாசகத்தில் அரசியல் போதவில்லை என்றுதான் படுகிறது.

ஏசி அறை விஷயத்தில் நான் பாதி உங்கள் பக்கம். பிரேசில் புகைப்படக்காரர் செபாஸ்தியாவோ சல்காடோவின் படங்களை நான் மணிக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். அவர் நாட்டின் செர்ரா பெலாடா தங்கச் சுரங்கத்தில் சேறு பூசிய உடம்போடு மூட்டை தூக்கி ஏணி ஏறும் ஆயிரக்கணக்கான ஆட்கள், 1986-இல் எடுத்தது. பிரமிப்பு தட்டும். ஆனால் அவர்களில் ஒருவருக்கும் பெயர் இல்லை. குடிபெயர்ந்தவர்களைப் பற்றிய அவருடைய படங்களைக் குறித்து அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக் 2003-இல் வைத்த குற்றச்சாட்டும் இதுவே: படம் எடுத்தவருக்குப் பெயர் இருக்கிறது, படத்தில் இருப்பவருக்கு இல்லை. அழகாக எடுத்துவிட்டார் என்று சிலர் திட்டுவார்கள், அதை நான் ஒப்புக்கொள்வதில்லை. பெயர் இல்லாததுதான் பிரச்சினை.

இதற்கு நேர் எதிரான ஒன்றைக் கொச்சியில் பார்த்தேன். 2016 டிசம்பரில் தொடங்கிய பியென்னாலே, அதாவது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடத்தும் கலைக் கண்காட்சி, ஃபோர்ட் கொச்சி ஆஸ்பின்வால் ஹவுஸ். ஒரு பழைய கிடங்கு முழுக்கக் கடல்நீர் நிரப்பியிருந்தார்கள். செருப்பைக் கழற்றி, பேண்ட்டை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டுதான் உள்ளே நடக்க வேண்டும். இருபக்கச் சுவரிலும் சின்னச் சின்னக் கேள்விகள்: நான் பேசுவது கேட்கவில்லையா, என்னைப் பார்க்கவில்லையா என்கிற மாதிரி. எனக்கு முன்னால் போன ஒரு பையன் தண்ணீரைக் காலால் அடித்து விளையாடிக்கொண்டே போனான், அவன் அம்மா அதட்டிக்கொண்டே பின்னால் போனார். எதிர்ச் சுவரை நெருங்கியதும் இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள்.

அங்கே இருந்தது ஒரு கவிதை. எழுதியவர் சிலி நாட்டுக் கவிஞர் ராவுல் சூரிட்டா. 2015 செப்டம்பரில் துருக்கிக் கடற்கரையில் குப்புறக் கிடந்த ஆலன் குர்தி என்ற சிரியக் குழந்தையின் படம் உங்களுக்கு நினைவிருக்கும். அதே படகில் அவனுடைய அண்ணன் காலிப், 5 வயது, அவனும் மூழ்கிப் போனான், அம்மாவும் போனார். ஆலனின் படம் உலகம் முழுக்கப் போனது. காலிப்பை யாருக்கும் தெரியாது. சூரிட்டா அந்த அறையைக் காலிப்புக்குத்தான் எழுதி வைத்தார். நான் அவனுடைய தகப்பன் இல்லை, ஆனால் அவன் என் மகன் என்று முடியும் கவிதை. சல்காடோவிடம் முகம் இருந்தது, பெயர் இல்லை. இங்கே பெயர் இருக்கிறது, முகம் இல்லை. 1973-இல் சிலியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த அன்றே கைதாகிக் கப்பலின் அடித்தளத்தில் அடைபட்டுக் கிடந்தவர் சூரிட்டா. கடல்நீரை அவர் தேர்ந்தெடுத்ததற்குப் பின்னால் அது இல்லாமல் இருக்காது. இதைப் பத்திரிகையிலும் எழுதலாம்தான். ஆனால் திரும்பி வரவும் நாம் அதே தண்ணீருக்குள் நடந்தாக வேண்டும் என்பதைப் பத்திரிகை என்ன செய்தாலும் கொடுக்க முடியாது.

சரி, வயலுக்கு வருவோம். நீங்கள் பார்த்தது யாருடைய படமாகவும் இருக்கட்டும். எனக்கு உடனே நினைவு வந்தவர் வங்கதேசப் புகைப்படக்காரர் ஷஹிதுல் ஆலம். அங்கே ‘ரேபிட் ஆக்‌ஷன் பட்டாலியன்’ (RAB) என்ற சிறப்புக் காவல் படை 2004-இல் வந்தது. பிடித்துப் போனவர்கள் பிணமாகக் கிடப்பார்கள், ‘குறுக்குத் துப்பாக்கிச் சூட்டில் மாட்டிக்கொண்டார்’ என்று செய்தி வரும். நம் ஊர் ‘என்கவுன்டர்’ போலவே சொல்லித் தேய்ந்த சொல். ஆலம் அந்தச் சொல்லையே தலைப்பாக வைத்து 2010 மார்ச்சில் டாக்காவில் தன் ‘த்ரிக்’ கேலரியில் படங்களை மாட்டினார். ரத்தம் இல்லை, பிணம் இல்லை. டார்ச் வெளிச்சத்தில் ஒரு வயல், ஆளில்லாத ரிக்‌ஷா, அவ்வளவுதான். ஒன்றுமே இல்லாத அந்தப் படங்களைத் தடுக்கத்தான் போலீஸ் வாசலை மறித்து நின்றது. திறந்து வைக்க வந்திருந்த வங்காள எழுத்தாளர் மகாஸ்வேதா தேவி தெருவிலேயே நின்று திறந்து வைத்தார். விஷயம் நீதிமன்றத்துக்குப் போன பின்புதான் காவல் விலகியது.

‘நம்ம வயலாட்டத்தான் இருக்குது’ என்று உங்கள் மாமனார் சொன்னாரே, அந்த மாதிரிப் படத்தைச் சரியாகப் படித்தவர் அவர்தான். அது யாருடைய வயலாகவும் இருக்கலாம். விளக்கச் சீட்டு எழுதுகிறவர்கள் இதைச் சொல்ல இரண்டு பத்தி எடுத்துக்கொள்வார்கள், ஒரு வார்த்தையும் புரியாது.

கடைசியாக உங்கள் தொழில் சம்பந்தமாக ஒன்று. டாக்காவுக்குப் பக்கத்தில் 2013 ஏப்ரல் 24-இல் ஆடைத் தொழிற்சாலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் செத்தார்கள். இடிபாட்டுக்குள் ஒருவரையொருவர் அணைத்தபடி கிடந்த இருவரைத் தஸ்லிமா அக்தர் எடுத்த படம் உலகம் முழுக்கத் தெரியும். ஆனால் அங்கிருந்து வந்த படங்களில் எனக்கு மறக்காதது வேறு. தூசிக்குள் கிடந்த ஆடை லேபிள்கள். யாருக்காக அங்கே தைத்தார்கள் என்பதற்கு அந்த லேபிள்களும் ஆர்டர் தாள்களும்தான் சாட்சியாக இருந்தன. கலையாகப் பார்த்தால் அவற்றில் ஒன்றுமில்லை, வெறும் துணித்துண்டு. நான் பிராண்ட் பெயரைப் படித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். நீங்கள் அதில் ஸ்டைல் நம்பரைத் தேடுவீர்கள், எந்த சீசன், எந்தத் தேதி ஷிப்மென்ட் என்று கணக்குப் போடுவீர்கள். தேதி நெருக்கடியில் ஓவர்டைம் போட்டிருப்பார்கள் என்பதுவரை உங்களுக்குப் புரிந்துவிடும். அப்படிப் பார்க்கும்போது என்ன தோன்றுகிறது என்று நேரம் கிடைத்தால் எழுதுங்கள், எனக்கு அது தெரியாது.

மகளிடம் என் அன்பைச் சொல்லுங்கள். அடுத்த தடவை அவள் எங்கே இழுத்தாலும் மாமனாரையும் கூட்டிப் போங்கள்.