முதலில் ஷோகேஸிலிருந்து இறக்குங்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஹால் 10க்கு 14 அடி. புதிதாக ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கி, ஷோகேஸில் டிவிக்கு இரண்டு பக்கமும் வைத்திருக்கிறேன். கடையில் கேட்டபோது ஆளை அள்ளிக்கொண்டு போனது, வீட்டில் கும்கும் என்று அடைக்கிறது, பாடுகிறவர் குரல் பானைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது. ஆம்ப்ளிஃபயரை மாற்றினால் சரியாகுமா?
– வாசகர், திருச்சி

பதில்: ஆகாது, பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கும்கும் என்று அடைப்பது பேஸ், அதாவது தாழ்ந்த சுருதி ஒலி. 50 ஹெர்ட்ஸ் பேஸ் அலையின் நீளமே கிட்டத்தட்ட 7 மீட்டர், உங்கள் ஹாலைவிடப் பெரியது. ஒன்றரை அடிப் பெட்டியால் அதை முன்பக்கம் மட்டும் அனுப்ப முடியாது, நாலா பக்கமும் பரவி, பின்சுவரில் பட்டுத் திரும்பி, நேராக வருகிற ஒலியோடு சேர்ந்துகொள்ளும். ஸ்பீக்கர் சுவரை ஒட்டியிருந்தால் பேஸ் 6 டெசிபல் வரை ஏறும், மூலையில் இருந்தால் இன்னும் அதிகம். போதாததற்கு ஷோகேஸ் பலகை, கண்ணாடி, உள்ளே இருக்கிற பொம்மை எல்லாம் கூடச் சேர்ந்து அதிரும்.

அதனால் முதலில் கீழே இறக்குங்கள். ஸ்டாண்ட் இல்லாவிட்டால் ஆடாத, கனமான ஸ்டூல் போதும். 10 அடிச் சுவரில்தான் டிவி இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்: ஸ்பீக்கரின் முதுகு சுவரிலிருந்து ஒன்றரை, இரண்டு அடியாவது தள்ளி இருக்கட்டும், இரண்டுக்கும் நடுவே 6 அடி, பக்கச் சுவரிலிருந்து ஆளுக்கு 2 அடி. மேலே இருக்கிற, அதிக சுருதி ஒலி தருகிற சின்ன ட்வீட்டர், நீங்கள் உட்கார்ந்தால் காது எந்த உயரத்தில் வருமோ அந்த உயரத்துக்கு வர வேண்டும். சோபாவில் உட்கார்ந்தால் தரையிலிருந்து சுமார் 3 அடி, பாய் விரித்துக் கேட்கிறவர் என்றால் அதைவிடக் கீழே. இரண்டையும் உங்களைப் பார்த்துக் கொஞ்சம் உள்பக்கமாகத் திருப்புங்கள், ஆனால் ஒரேயடியாகத் திருப்பிவிடாதீர்கள், சில ஸ்பீக்கர்கள் நேராகக் காதைப் பார்த்தால் ‘ச’, ‘ஸ’ எல்லாம் குத்தும்.

சோபாதான் பெரிய தலைவலி. நம் வீடுகளில் அது பின்சுவரை ஒட்டியே இருக்கும், அங்கேதான் பேஸ் குவியும். சரி என்று ஹாலின் நட்ட நடுவில் போட்டாலும் வம்பு, 14 அடி நீளத்துக்கு 40 ஹெர்ட்ஸ் பக்கத்தில் வருகிற ஒலி அங்கே வந்து காணாமல் போகும். டிவிச் சுவரிலிருந்து 8½, 9 அடியில் காது இருந்தால் பெரும்பாலும் நன்றாக இருக்கும். அப்படிச் சோபாவை இழுத்துப் போட வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள், தெரியும். பாட்டுக் கேட்கிற நேரத்துக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், நான் அப்படித்தான் செய்கிறேன். அப்புறம் அரை அடி முன்னே, அரை அடி பின்னே நகர்ந்து நகர்ந்து கேட்டுப் பாருங்கள், வித்தியாசம் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

கேள்வி: தரை முழுக்க டைல்ஸ், சுவரில் ஒன்றும் இல்லை. கை தட்டினால் ‘ணங்’ என்கிறது. முட்டை அட்டை ஒட்டலாமா?
– வாசகர், கோவை

பதில்: வேண்டாம். அது அதிக சுருதி ஒலியைக் கொஞ்சம் சிதறடிக்குமே தவிர உறிஞ்சாது, பல்லிக்கும் கரப்பானுக்கும்தான் லாபம். உங்களுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஒரு கனமான ஜமுக்காளம் விரியுங்கள். அப்புறம் நீங்கள் உங்கள் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, வீட்டில் யாரையாவது பக்கச் சுவரோடு ஒரு கண்ணாடியை நகர்த்தச் சொல்லுங்கள். எந்த இடத்தில் கண்ணாடிக்குள் ஸ்பீக்கர் தெரிகிறதோ அங்கே பட்டுத்தான் முதல் எதிரொலி உங்கள் காதுக்கு வருகிறது. அங்கே மடிப்பு மடிப்பாகத் தடித்த திரை தொங்கவிடுங்கள், இல்லை புத்தக அலமாரியை நகர்த்தி வையுங்கள். மெல்லிய திரை அழகுக்கு மட்டும்தான்.

கேள்வி: ஒரு ஸ்பீக்கர் ஹாலில், இன்னொன்று சமையலறையில். இரண்டு இடத்திலும் பாட்டுக் கேட்கிறது. தப்பா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: வேலை செய்துகொண்டே கேட்பதற்குத் தப்பே இல்லை. ஆம்ப்ளிஃபயரில் ‘மோனோ’ பொத்தான் இருந்தால் அழுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் வயலின் ஹாலிலும் தபேலா சமையலறையிலுமாகப் பிரிந்துவிடும்.

கேள்வி: எல்லாம் அளந்துதான் வைத்தேன், ஆனாலும் பேஸே இல்லை. குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை.
– வாசகர், நாகர்கோவில்

பதில்: ஒயரைப் பாருங்கள். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் சிவப்பும் கறுப்பும் தவறுதலாக மாறிப் போயிருக்கும். ஒன்றின் கோன், அதாவது அதிர்கிற கூம்பு, முன்னால் வரும்போது மற்றது பின்னால் போகும், பேஸ் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு மாற்றிக் கொடுங்கள். பிறகு 1950களின் மோனோ பாட்டு ஒன்றைப் போட்டு நடுவில் உட்காருங்கள். குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்ட நடுவே, ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து வந்தால் சரியாகிவிட்டது.