போர்ட், ரோமிங், ஆட்டோபே: செல்போன் கேள்வி பதில்

கோபிசெட்டிபாளையம் வாசகர்: அம்மா வெச்சிருக்கிறது பட்டன் போனுங்க. பேசறதுக்கு மட்டும்தான். கடைக்காரர் ஒவ்வொரு தடவையும் நெட்டோட சேர்த்தே ரீசார்ஜ் போடறார். நெட்டே வராத போனுக்கு எதுக்குங்க நெட்டுக் காசு?

கொடுக்கத் தேவையில்லை. பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள ரீசார்ஜ் ஒன்றையாவது ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதியைத் திருத்திவிட்டது. சிறப்பு ரீசார்ஜ்களின் அதிகபட்ச வேலிடிட்டியும் 90 நாளிலிருந்து 365 நாளாக உயர்ந்தது. 2025 ஜனவரி முதல் இந்தப் பேக்குகள் கடைக்கு வந்துவிட்டன. ஆனால் ரீசார்ஜ் ஆப்பைத் திறந்தவுடன் முகப்பில் தெரியாது, பட்டியலின் அடியில்தான் கிடக்கும். 'வாய்ஸ் ஒன்லி பேக்' என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலும் 84 நாள், ஒரு வருடம் என்று நீளமான பேக்குகளாகவே இருப்பதால் ஒரே தடவையில் கொஞ்சம் பெரிய தொகை கட்ட வேண்டியிருக்கும்.

28 நாள் கணக்கையும் பாருங்கள். 28ஐ 13ஆல் பெருக்கினால் 364. அதாவது 12 மாதத்துக்கு 13 ரீசார்ஜ். 30 நாள் பேக் ஒன்றும், மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கும் பேக் ஒன்றும் இருந்தாக வேண்டும் என்பது 2022 முதல் விதி. அதையும் கேட்டு வாங்கலாம்.

பேக் முடிந்து சும்மா கிடந்தால் நம்பர் போய்விடுமோ என்ற பயம் பலருக்கு உண்டு. ப்ரீபெய்டு சிம்மில் 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாவிட்டால்தான் துண்டிக்கலாம். அப்போதும் மெயின் பேலன்ஸில் ₹20 இருந்தால், அதைப் பிடித்துக்கொண்டு 30 நாள் நீட்டிக்க வேண்டும். பேக் போட்ட காசு மெயின் பேலன்ஸில் சேராது என்பதால் டாப்-அப் தனியாகப் போட்டு வையுங்கள். இது நம்பரைக் காப்பாற்றும், அவ்வளவுதான். பேக் முடிந்தபின் இன்கமிங்கை நிறுத்தும் நிறுவனங்கள் உண்டு. பென்ஷன், வங்கி, கேஸ் எல்லாம் அம்மா நம்பரோடு இணைந்திருந்தால் பேக்கை விடாமல் ஓட்டுவதே பாதுகாப்பு.

திருப்பூர் வாசகர்: வேற கம்பெனிக்குப் போர்ட் பண்ணலாம்னு 1900க்கு மூணு தடவை எஸ்எம்எஸ் அனுப்பிட்டேன். ஒவ்வொரு தடவையும் முடியாதுன்னு பதில் வருது. கடையில கேட்டா 'சர்வர் பிரச்சினை'ங்கறாங்க.

சர்வர் பிரச்சினையாக இருக்க வாய்ப்பு குறைவு. 2019 டிசம்பர் 16 முதல் நடைமுறை மாறியிருக்கிறது. உங்கள் நம்பர் எல்லா நிபந்தனையிலும் தேறினால் மட்டுமே யுபிசி என்ற எட்டு எழுத்துக் குறியீடு வரும். தேறாவிட்டால் எதில் தேறவில்லை என்பது பதில் எஸ்எம்எஸ்ஸிலேயே இருக்கும். அதை அழிக்காமல் முழுதாகப் படியுங்கள். வழக்கமாகச் சிக்குவது இவற்றில்தான்.

இப்போதைய நிறுவனத்தில் சேர்ந்து 90 நாள் ஆகியிருக்க வேண்டும். சிம் எத்தனை வருடம் பழையது என்பது கணக்கில்லை. கடைசியாகப் போர்ட் ஆகி வந்த தேதியிலிருந்து எண்ண வேண்டும். போஸ்ட்பெய்டு என்றால், கட்டவேண்டிய கெடு தாண்டிய பில் பாக்கி ஒரு ரூபாய்கூட இருக்கக் கூடாது. பில்லைக் கட்டிய கையோடு எஸ்எம்எஸ் அனுப்பினால் பாக்கி இருப்பதாகவே காட்டக்கூடும். கட்டிய ரசீது வந்து, ஆப்பில் பாக்கி பூஜ்யம் என்று தெரிந்த பிறகு அனுப்புங்கள். தொலைந்ததற்கோ உடைந்ததற்கோ மாற்று சிம் வாங்கியிருந்தால், 2024 ஜூலை 1 முதல், அன்றிலிருந்து 7 நாள் வரை யுபிசி கிடைக்காது. நம்பரை இன்னொருவர் பெயருக்கு மாற்றும் வேலை பாதியில் நின்றாலும் கிடைக்காது.

உங்கள் ஊரில் இன்னொன்றும் சகஜம். பனியன் கம்பெனி மெர்ச்சண்டைசருக்கும் சூப்பர்வைசருக்கும் கம்பெனி பெயரில் வாங்கிய சிம்மைக் கொடுத்திருக்கும். பத்து வருடம் நீங்களே பேசியிருந்தாலும் அது கார்ப்பரேட் நம்பர். கையெழுத்து அதிகாரம் உள்ளவர் தரும் சம்மதக் கடிதம் இல்லாமல் நகராது. வேலையை விடுவதாக இருந்தால், நம்பரைச் சொந்தப் பெயருக்கு மாற்றும் கடிதத்தைக் கணக்கு முடிக்கும் நாளிலேயே கேட்டு வாங்குங்கள். பிறகு கேட்டால் கிடைப்பது சிரமம்.

எல்லாம் சரியாக இருந்தால் செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஆங்கில எழுத்தில் 'போர்ட்' என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, உங்கள் பத்து இலக்க எண்ணைச் சேர்த்து 1900க்கு அனுப்புங்கள். ரீசார்ஜ் முடிந்த சிம்மிலிருந்தும் இந்த எஸ்எம்எஸ் போக வேண்டும் என்று டிராய் 2021 டிசம்பரிலேயே உத்தரவிட்டிருக்கிறது; 'முதலில் பேக் போடுங்கள்' என்று சொன்னால் ஏற்காதீர்கள். வரும் யுபிசி தமிழ்நாட்டில் 4 நாள்தான் செல்லும். அதற்குள் ஆதாரோடு புதிய நிறுவனத்தின் கடைக்குப் போய்விடுங்கள். ஒரே தொலைத்தொடர்பு வட்டத்துக்குள்ளேயே (தமிழ்நாடு போன்ற ஒரு சேவைப் பகுதி) போர்ட் என்றால் 3 வேலை நாள், கார்ப்பரேட் நம்பருக்கும் வெளிமாநில நம்பருக்கும் 5 வேலை நாள். மனசு மாறினால் 24 மணி நேரத்துக்குள் அதே 1900க்கு 'கேன்சல்' என்று நம்பரோடு அனுப்பலாம்.

பழைய சிம்மில் மீதமுள்ள பேக்கும் பேலன்ஸும் புதியதற்கு வராது. வருடப் பேக் போட்ட அடுத்த மாதம் போர்ட் செய்வது காசை ஆற்றில் விடுவதுதான். மாறும் நேரத்தில் சில மணி நேரம் இரண்டு சிம்மிலும் சிக்னல் இருக்காது. எனவே இஎம்ஐ, டிக்கெட் என்று ஓடிபி தேவைப்படும் வேலைகளை முன்னாடியே முடித்துவிடுங்கள்.

தாளவாடி வாசகர்: திம்பம் ஏறி ஊருக்கு வந்தா நெட் நிக்குது. சிக்னல் நாலு கோடு காட்டுது, பக்கத்துல 'ஆர்'னு ஒரு எழுத்து.

அந்த எழுத்துக்கு ரோமிங் என்று பொருள். உங்கள் போன் கர்நாடக வட்டத்து டவரைப் பிடித்திருக்கிறது. செட்டிங்ஸில் மொபைல் நெட்வொர்க் பகுதிக்குள் போய் 'டேட்டா ரோமிங்' என்பதை ஆன் செய்யுங்கள். இரண்டு சிம் போனில் ஒவ்வொரு சிம்முக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். ஒன்றுக்குச் செய்துவிட்டு மற்றதை மறந்துவிடுவதுதான் வழக்கமான தவறு. இன்றைய பெரும்பாலான பேக்குகளில் உள்நாட்டு ரோமிங் சேர்ந்தே இருப்பதால் கூடுதல் காசு பிடிக்காது. வெளிநாடு போகும்போது மட்டும் மறக்காமல் ஆஃப் செய்யுங்கள். பொள்ளாச்சிக்கு மேற்கே கோபாலபுரத்திலும் வாளையாறு பக்கத்திலும் கேரள டவரைப் பிடிப்பவர்களுக்கும் இதே பதில்தான்.

பெருந்துறை வாசகர்: மில்லு ஷெட்டுக்குள்ள நுழைஞ்சா 5ஜி போன் செத்துப்போகுது. மேனேஜர் கூப்பிட்டா 'தொடர்பு எல்லைக்கு வெளியே'ன்னு சொல்லுதாம்.

கூரையும் சுவரும் தகரத் தகடாக இருந்தால் ரேடியோ அலை உள்ளே வராமல் திருப்பி அடிக்கப்படும். அலைவரிசை உயர உயர ஊடுருவும் வலு குறையும். 5ஜிக்குப் பரவலாகப் பயன்படும் 3500 மெகாஹெர்ட்ஸ் உள்ளே வரத் திணறும் இடத்தில், 850 மெகாஹெர்ட்ஸில் வரும் 4ஜி ஓரளவு வந்துவிடும். ஷெட்டில் இருக்கும்போது 'பிரிஃபர்டு நெட்வொர்க்' என்பதை 4ஜிக்கு மாற்றிப் பாருங்கள். மில் அலுவலகத்தில் வைஃபை இருந்தால் 'வைஃபை காலிங்' ஆன் செய்யுங்கள். டவரே இல்லாவிட்டாலும் உங்கள் சொந்த நம்பரிலேயே கால் வரும், போகும். போனும் நிறுவனமும் இந்த வசதியைத் தர வேண்டும். அமேசான், ஃபிளிப்கார்ட்டில் விற்கும் சிக்னல் பூஸ்டரை வாங்காதீர்கள். உரிமம் இல்லாமல் அதை வைப்பது சட்டப்படி குற்றம், அக்கம்பக்கத்து சிக்னலையும் அது கெடுக்கும்.

கோவை பீளமேடு வாசகர்: பையன் ஒரு போட்டோ ஆப்பை 'ஃப்ரீ ட்ரையல்'னு போட்டான். ரெண்டு நாள்ல அழிச்சுட்டோம். ஆனா மாசாமாசம் காசு போய்க்கிட்டே இருக்கு.

ஆப்பை அழித்தால் சந்தா அழியாது. ஏமாறுகிறவர்கள் எல்லாம் இந்த ஒரு இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். காசு எந்த வழியாகப் போகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். பிளே ஸ்டோரில் மேலே உள்ள உங்கள் வட்டப் படத்தைத் தொட்டு, 'பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்', அதற்குள் 'சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' என்று போங்கள். பையன் எந்த ஜிமெயிலில் ஆப்பை இறக்கினானோ அந்தக் கணக்கில் பார்க்க வேண்டும். வீட்டில் மூன்று ஜிமெயில் இருந்தால் மூன்றிலும் பாருங்கள். அங்கே இருந்தால் அங்கேயே கேன்சல் செய்யலாம். கடைசியாகப் பிடித்து 48 மணி நேரம் ஆகவில்லை என்றால் கூகுளிடமே பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அதைத் தாண்டினால் ஆப் செய்தவரிடம்தான் கேட்க வேண்டும். ஆப் பக்கத்தில் அவருடைய மின்னஞ்சல் இருக்கும். ஐபோனில் செட்டிங்ஸின் மேலே உங்கள் பெயரைத் தொட்டால் 'சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' வரும். அங்கே அடுத்த தவணைக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே கேன்சல் செய்துவிட வேண்டும்.

பிளே ஸ்டோரில் எதுவும் இல்லையென்றால் அது பெரும்பாலும் நேரடி யுபிஐ ஆட்டோபே, அதாவது தவணையைக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்க நீங்கள் தந்த அனுமதி. பணம் அனுப்பும் ஆப்பில் 'ஆட்டோபே' பகுதியைத் திறந்தால், நீங்கள் ரகசிய எண்ணான 'பின்' போட்டு அனுமதித்த எல்லாமே பட்டியலாக நிற்கும். வேண்டாததை ரத்து செய்யுங்கள். முதல் தடவை ₹2, ₹5 என்று பிடிப்பதற்குப் போட்ட அந்த 'பின்' எண்தான் அடுத்து வரும் பெரிய தொகைக்கும் அனுமதியாகிவிடுகிறது. அடுத்தடுத்த தவணைகளுக்கு ₹15,000 வரை பின் கேட்காது. பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பு ஓர் எஸ்எம்எஸ் வரும். அதை விளம்பரம் என்று ஒதுக்காமல் படியுங்கள், அந்தத் தவணையை நிறுத்தக் கிடைக்கும் கடைசி நேரம் அதுதான்.

ஈரோடு வாசகர்: மஞ்சள் மார்க்கெட் விலை சொல்ற ஆப் ஒண்ணு செஞ்சிருக்கேன். பிளே ஸ்டோர்ல போட்டா 'டெஸ்டிங் போதாது'ன்னு திருப்பி அனுப்பறாங்க.

உங்களுடையது 2023 நவம்பர் 13க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்காக இருக்கும். அத்தகைய கணக்குக்கு, 12 பேர் தொடர்ந்து 14 நாள் க்ளோஸ்டு டெஸ்டிங்கில் (நீங்கள் அழைத்தவர்கள் மட்டும் ஆப்பைப் போட்டுப் பார்க்கும் சோதனை) இருந்தால்தான் ஆப்பைப் பொதுவில் விட விண்ணப்பிக்கவே முடியும். முதலில் 20 பேர் என்று வைத்து, 2024 டிசம்பரில் குறைத்தார்கள். மின்னஞ்சலைப் பட்டியலில் சேர்த்தால் மட்டும் கணக்கில் வராது. ஒவ்வொருவரும் இணைப்பைத் திறந்து சம்மதம் கொடுக்க வேண்டும். நடுவில் ஒருவர் விலகி 11 ஆகிவிட்டால் தொடர்ச்சி அறுந்துவிடும். பதினைந்து, பதினாறு பேரைச் சேர்த்துவிடுங்கள். மண்டிக்காரர்கள், கமிஷன் கடைக்காரர்கள் போல நிஜமாகவே விலை பார்க்கிறவர்களாகப் பிடித்தால், கூகுள் கடைசியில் கேட்கும் 'டெஸ்டர்கள் என்ன சொன்னார்கள்' என்ற கேள்விக்குப் பதில் எழுதுவதும் எளிது. காசு வாங்கிக்கொண்டு டெஸ்டர் தருகிறோம் என்பவர்களை நம்ப வேண்டாம்.

கட்டணத்தையும் சொல்லிவிடுகிறோம். கணக்கு தொடங்க ஒரே தடவை 25 டாலர். ஆப்பிளில் வருடத்துக்கு 99 டாலர். ஆப்புக்குள் விலை நிலவரத்துக்குச் சந்தா வாங்கினால் அது டிஜிட்டல் சரக்கு; கூகுளின் பில்லிங் விதிக்குள் வரும், 15 சதவீதம் போகும். ஆப் வழியாக மஞ்சள் மூட்டையையே விற்றால் அது அந்த விதிக்குள் வராது, கமிஷனும் கிடையாது. இந்த பில்லிங் கட்டாயத்துக்காகத்தான் இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு ₹936.44 கோடி அபராதம் விதித்தது. 2025 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை ₹216.69 கோடியாகக் குறைத்தது. அதன் பிறகும் சிறிய டெவலப்பர் மீது விழும் சுமை பெரிதாகக் குறையவில்லை என்பதே எங்கள் கருத்து.

நாமக்கல் வாசகர்: கஸ்டமர் கேருக்குப் பேசிப் பேசி அலுத்துட்டேனுங்க. யாருகிட்டத்தான் போறது?

பேசுவதை நிறுத்திவிட்டுப் புகார் எண்ணைக் கேளுங்கள். 198க்கு அழைத்துப் புகார் சொன்னதும் டாக்கெட் நம்பர் என்ற புகார்ப் பதிவு எண்ணைத் தரவேண்டியது அவர்கள் கடமை. அந்த எண் வராமல் போனை வைக்காதீர்கள். அது இல்லாத புகார் பதிவான புகாரே இல்லை. தீர்வு திருப்தி இல்லை, அல்லது கெடு முடிந்தும் பதில் இல்லை என்றால், 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு டாக்கெட் நம்பரோடு எழுதுங்கள். கட்டணம் கிடையாது, 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும். டிராய் தனிநபர் புகாரை விசாரிப்பதில்லை, அங்கே எழுதி நாளைக் கடத்த வேண்டாம்.

அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். தொலைத்தொடர்பு வழக்கு அங்கே செல்லாது என்று சில நிறுவனங்கள் வாதாடி வந்தன. செல்லும் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. கொடுத்த விலை ₹5 லட்சம் வரை என்றால் ஆணையத்தில் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. ரீசார்ஜ் ரசீது, டாக்கெட் நம்பர் வந்த எஸ்எம்எஸ், மேல்முறையீட்டுக்கு வந்த பதில் ஆகிய மூன்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துத் தேதி தெரிய அச்சிட்டு வையுங்கள். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசிப் பாருங்கள். சின்னத் தொகை விவகாரங்கள் அங்கேயே முடிந்துவிடுவதும் உண்டு.