உங்களுக்குப் பிடித்த எந்தப் படம், எந்தத் தொடர் முழுமையான, உயர்தர ப்ளூ-ரே பதிப்பாக வர வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள்?

படம் என்றால் ‘முள்ளும் மலரும்’. தொடர் என்றால் ‘விடாது கருப்பு’. இரண்டு பெயரைச் சொல்லிவிட்டு நகர மனம் வரவில்லை, கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் மதுரைக்குப் பக்கத்தில் திருமங்கலம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், 2006 வாக்கில், மதுரை டவுன்ஹால் ரோட்டில் ஒரு டிவிடி ப்ளேயர் வாங்கினேன். கூடவே ரஜினி படங்கள் மூன்று ஒரே டிஸ்கில் இருந்த ஒரு டிவிடி. அதில் இரண்டாவது படம் ‘முள்ளும் மலரும்’. அம்மாவுக்காகத்தான் வாங்கினேன். 1978-ல் அந்தப் படம் வந்தபோது அம்மாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெரியம்மாவோடு பஸ் ஏறி மதுரைக்குப் போய்ப் பார்த்த படம். அந்த மலையையும் பனியையும் பற்றி எங்களுக்குச் சோறு ஊட்டும்போதே சொல்லியிருக்கிறார்.

டிஸ்க் ஓடியது. ‘செந்தாழம்பூவில்’ பாட்டு வந்தது. சரத்பாபு ஜீப் ஓட்டிக்கொண்டு போகிறார். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ஏண்டா, பனி இப்படியா இருந்துச்சு? சாக்கை விரிச்சுப் போட்ட மாதிரியில்ல இருக்கு” என்றார்.

அவர் சொன்னது சரிதான். மூடுபனி கட்டம் கட்டமாகத் தெரிந்தது. ஒற்றை அடுக்கு டிவிடியில் 4.7 ஜிபிதான் இடம். அதற்குள் ஏழு மணி நேரம் ஓடும் மூன்று படங்களைத் திணித்தால் எதையாவது கழித்தே ஆக வேண்டும். அளவைச் சுருக்கும் கம்ப்ரஷன் முதலில் கழிப்பது மெல்லிய வித்தியாசங்களைத்தான். கண், மூக்கு, சட்டைக் காலர் மாதிரி அழுத்தமான கோடுகள் தப்பித்துவிடும். பனி, புகை, விடியற்காலை வானம் என்று ஒரு வெள்ளைக்கும் பக்கத்து வெள்ளைக்கும் மயிரிழை வித்தியாசம் மட்டும் இருக்கிற இடங்கள் முதலில் சாகும். பாலு மகேந்திரா அந்தப் படத்தில் பிடித்து வைத்ததே அந்த மயிரிழை வித்தியாசங்களைத்தான். தமிழில் அவர் ஒளிப்பதிவு செய்த முதல் படம் அது. விளக்குகளைக் கொட்டி எடுத்த படங்களுக்குப் பழகிய கண்களுக்கு, சன்னல் வழியாக வருகிற வெளிச்சமே ஒரு முகத்துக்குப் போதும் என்று காட்டினார். அதைப் போய் மூன்றில் ஒரு பங்கு டிஸ்கில் பார்ப்பது, திருப்பணிக்காகக் கீற்று கட்டி மூடிய கோபுரத்தைப் பார்த்துவிட்டு மீனாட்சி கோயிலைப் பார்த்தேன் என்று சொல்வது போல.

இன்னொன்றும் அந்த டிஸ்கில் இருந்தது. அதைக் கண்டுபிடித்தது நான் இல்லை, என் சித்தப்பா. திருவிழாக்களில் ஆர்க்கெஸ்ட்ராவுக்குக் கீபோர்டு வாசிப்பவர். ஒருநாள் டிவிடியை ஓடவிட்டு அதோடு சேர்ந்து வாசிக்கப் பார்த்தார். பாட்டு எந்தச் சுருதியிலும் உட்காரவில்லை. வீட்டில் இருந்த பழைய ஆடியோ கேசட்டைப் போட்டார், அதில் வேறு சுருதி. “யேசுதாஸ் குரலே மெலிஞ்சு கெடக்கு, என்னமோ பண்ணிருக்காய்ங்க” என்றார். எனக்குக் காரணம் பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது. சினிமா ஃபிலிம் நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடும். நம் நாட்டு டிவி முறை நொடிக்கு 25. மாற்றும்போது சுலபமான வழி, படத்தையே கொஞ்சம் வேகமாக ஓட்டிவிடுவது. படம் நூற்றுக்கு நான்கு பங்கு வேகமாகிவிடும். இரண்டரை மணி நேரப் படத்தில் ஆறு நிமிஷம் காணாமல் போகும், ஆனால் ஒரு காட்சியும் வெட்டப்பட்டிருக்காது. பாட்டின் சுருதி கிட்டத்தட்ட அரைக் கட்டைக்கு ஏறிவிடும். முழுசாக அரைக் கட்டை ஏறினாலாவது கீபோர்டில் பக்கத்துக் கட்டையைப் பிடித்துச் சமாளிக்கலாம். இது இரண்டு கட்டைக்கும் நடுவில் நிற்கும். இளையராஜா இந்தச் சுருதியில்தான் பாடவைத்தார் என்று நம்பி எத்தனை பேர் கேட்டிருப்போமோ தெரியவில்லை. ப்ளூ-ரேயில் 24 ஃப்ரேமாகவே வைக்கலாம். படத்தின் கூர்மையைச் சொல்லும் 1080 என்ற எண்ணைவிட எனக்கு இந்த 24 முக்கியம்.

சரி, நல்ல பதிப்பு எங்கிருந்து வர வேண்டும்? கேமராவில் நேராகப் பதிவான மூல ஃபிலிமிலிருந்து, அதாவது நெகட்டிவிலிருந்து. தியேட்டர்களுக்குப் பெட்டியில் போன பிரிண்ட் இதற்கு ஆகாது. தொண்ணூறுகளில் எங்கள் பக்கத்து டூரிங் டாக்கீஸில் பழைய கலர் படங்கள் ஓடும். எல்லாமே ரோஸ் நிறமாக இருக்கும். வானம் ரோஸ், வேட்டி ரோஸ். அந்தக் கால கலர் பிரிண்டில் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளிறிப்போகும், சிவப்பு மட்டும் மிஞ்சும். நெகட்டிவிலும் சாயம் இறங்கும்தான். ஆனால் குளிர்ச்சியாகப் பாதுகாத்திருந்தால், மிக நுணுக்கமான 4கே அளவில் ஸ்கேன் செய்து நிறத்தை மீட்க நிறைய இடம் உண்டு. குளிர்ச்சி இல்லாத அறையில் கிடந்தால் ஃபிலிமின் அசிட்டேட்டே மக்க ஆரம்பிக்கும். டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடிக்கும். சுருங்கும், வளையும், ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஒன்றும் செய்வதற்கில்லை. ‘வீடு’, ‘சந்தியா ராகம்’ போன்ற தன் படங்களின் நெகட்டிவே இல்லாமல் போய்விட்டது என்று பாலு மகேந்திரா கடைசிக் காலத்தில் வேதனையோடு சொன்னார். தேசிய விருது வாங்கிய ‘வீடு’க்கே அந்த நிலைமை. அதைப் படித்த அன்று எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

நிறம் என்பது மெஷின் மட்டும் முடிவு செய்கிற விஷயமும் இல்லை. இந்தக் காட்சியில் வெயில் எவ்வளவு மஞ்சள், அந்தப் பனி வெள்ளையா, லேசான நீலமா என்று சொல்ல எடுத்தவர்கள் பக்கத்தில் உட்கார வேண்டும். பாலு மகேந்திரா 2014-ல் போய்விட்டார், படத்தை இயக்கிய மகேந்திரன் 2019-ல். அவர்களோடு உதவியாளர்களாக நின்றவர்களின் நினைவு இன்னும் இருக்கிறது. அவர்கள் இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும் என்பதுதான் என் அவசரம். பக்கத்தில் கேரளத்தைப் பாருங்கள். அரவிந்தன் 1978-ல் எடுத்த ‘தம்பு’வையும், அடுத்த வருஷம் எடுத்த ‘கும்மாட்டி’யையும் மீட்டெடுத்துவிட்டார்கள். ‘தம்பு’ 2022-ல் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. அதே வருஷங்களில் மகேந்திரன் ‘முள்ளும் மலரும்’, ‘உதிரிப்பூக்கள்’ இரண்டையும் எடுத்தார். நமக்கும் அந்த வரிசையில் நிற்கத் தகுதி இருக்கிறது. பார்க்க ஆள் வருமா என்று கேட்பவர்களுக்கு 2012-ல் ‘கர்ணன்’ பதில் சொல்லிவிட்டது. 1964-ல் வந்த படம், சீர்படுத்தி வெளியிட்டதும் தியேட்டர்களில் நூறு நாளைத் தாண்டி ஓடியது.

ஒலியில் கை வைக்க வேண்டாம். இரைச்சலைக் குறைக்கட்டும், போதும். மோனோவில், அதாவது ஒரே தடத்தில், கலந்த படம் மோனோவிலேயே இருக்க வேண்டும். புதிதாக இடிச் சத்தமும் பின்பக்க ஸ்பீக்கரில் பறவைச் சத்தமும் சேர்ப்பதை நான் மீட்டெடுப்பு என்று சொல்ல மாட்டேன்.

இந்தப் படத்தைப் பற்றிப் பேசும்போது ஷோபாவைச் சொல்லாமல் இருக்க முடியாது. ரஜினியின் தங்கை வள்ளியாக நடித்த இரண்டே வருஷத்தில், 1980-ல், அவர் இல்லை. மங்காவாக வந்து ‘நித்தம் நித்தம் நெல்லுச் சோறு’ பாடிய ‘படாபட்’ ஜெயலட்சுமியும் அதே வருஷம் போய்விட்டார். அந்த இரண்டு முகங்களும் இனி ஃபிலிமில் மட்டும்தான். அண்ணன் பேசப் பேச வள்ளி வாயைத் திறக்காமல் கண்ணாலேயே பதில் சொல்கிற இடங்கள் படம் முழுக்க உண்டு. என் டிஸ்கில் அந்தக் கண்கள் இரண்டு கறுப்புப் புள்ளிகள்.

இனி தொடர். ‘மர்ம தேசம்’ வரிசையில் வந்த ‘விடாது கருப்பு’, நாகா இயக்கியது. எழுதிய இந்திரா சௌந்தர்ராஜன் மதுரையில் வாழ்ந்தவர், 2024 நவம்பரில் மதுரையிலேயே காலமானார். தொண்ணூறுகளின் கடைசியில் அது சன் டிவியில் ஓடியபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். லீவுக்கு அப்பத்தா ஊருக்குப் போவோம், செக்கானூரணியைத் தாண்டி ஒரு கிராமம். கேபிள் இருந்த வீடு தெருவுக்கு ஒன்று. அந்த வீட்டு வாசல் வரைக்கும் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டதும் அப்பத்தா கன்னத்தில் போட்டுக்கொள்வார். அது நடிப்பு, சீரியல் என்றெல்லாம் அவருக்குத் தெரியும். இருந்தாலும் கருப்பு கருப்புதான். அழகர்கோயிலில் சாத்திய கதவுக்குச் சந்தனம் பூசிப் பதினெட்டாம்படிக் கருப்பனாகக் கும்பிடுகிற ஊர்க்காரர்கள் நாங்கள். வழக்கு வம்பு என்றால் கோர்ட்டுக்குப் போகும் முன்னால் அந்தப் படியில் நின்று சத்தியம் செய்யச் சொல்வார்கள். அந்த நம்பிக்கைக்கு உள்ளே நின்றுகொண்டே, அதைக் கேள்வியும் கேட்ட கதை அது. சாமியைக் கேலி செய்யவில்லை, பயத்தை வைத்து வியாபாரமும் செய்யவில்லை. தமிழ் டிவியில் அதற்குப் பிறகு அப்படி ஒன்றை நான் பார்க்கவில்லை.

மாமா ஒருவர் அதை வாராவாரம் விஎச்எஸ் கேசட்டில் பதிவு செய்தார். சில வருஷம் கழித்து எடுத்துப் பார்த்தால் டேப் ஓரமெல்லாம் வெள்ளைப் பூஞ்சை. ப்ளேயரில் போட்டால் ஹெட் போய்விடும் என்று எல்லாவற்றையும் கட்டிப் பரணில் போட்டுவிட்டார்.

இதில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துத் தொடர்கள் பெரும்பாலும் ஃபிலிமில் எடுக்கப்பட்டவை அல்ல, பீட்டாகேம் மாதிரியான வீடியோ டேப்பில் எடுக்கப்பட்டவை. ஃபிலிமில் 4கே-க்குத் தேவையான நுணுக்கம் இருக்கும். டேப்பில் 576 கோடுகள்தான், அதற்கு மேல் அதில் ஒன்றும் ஒளிந்திருக்காது. அதை இழுத்து 1080 ஆக்கினால் முகமெல்லாம் மெழுகுப் பொம்மை ஆகிவிடும். இப்போது ஏஐ வைத்து ‘எச்டி’ ஆக்கினோம் என்று வருகிற பல பழைய பாட்டுகளில் அதைத்தான் பார்க்கிறோம். வேர்வை இல்லை, தோலில் ஒரு கோடு இல்லை. விடாது கருப்புக்கு எனக்கு அது வேண்டாம். ஒளிபரப்பான மாஸ்டர் டேப்பிலிருந்து நேராக, ஒரு எபிசோடு விடாமல், டைட்டிலோடு எடுத்தால் போதும். அந்த டேப்பில் ஒவ்வொரு ஃப்ரேமும், ஒன்றுவிட்டு ஒன்று கோடுகளாக, இரண்டு பாதியாகப் பதிவாகியிருக்கும். கவனமில்லாமல் மாற்றினால் வேகமாக நகர்கிற எதுவும் சீப்புப் பல் மாதிரி கிழிந்து தெரியும். நான் பார்த்த ஒரு பிரதியில் குதிரையின் கால்கள் அப்படித்தான் இருந்தன. கருப்பு வருகிற குதிரையே கிழிந்து போனால் மிச்சம் என்ன இருக்கிறது? இதற்கும் நாள் குறைவு. சோனி 2016-லேயே பீட்டாகேம் டேப் விற்பதை நிறுத்திவிட்டது. ஓட்டுகிற டெக்குகளும் பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் குறைந்துகொண்டே போகிறார்கள்.

இன்னும் இரண்டு படங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ருத்ரய்யாவின் ‘அவள் அப்படித்தான்’. கறுப்பு வெள்ளைப் படம், இருட்டுக்குள் இருட்டாக நிறைய அடுக்குகள் வைத்து எடுத்தது. மோசமான பிரதியில் எல்லா அடுக்கும் ஒரே தாராக உருகிவிடுகிறது. அவர் இயக்கியதே இரண்டு படங்கள். அடுத்து ‘விருமாண்டி’. அது நேரடி ஒலிப்பதிவில் எடுத்த படம், டப்பிங் தியேட்டரில் பேசியது இல்லை. எங்கள் பக்கத்துப் பேச்சு அதன் மூச்சோடு, கூட்டத்தின் இரைச்சலோடு பதிவாகியிருக்கிறது. ஒரே கதையை இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்கிற படம் அது. ஒரே காட்சியின் இரண்டு வடிவத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க ஒரு டிஸ்க் எவ்வளவு வசதி!

கடைசியாக ஒரு கோரிக்கை. யாராவது இதையெல்லாம் வெளியிடும் இடத்தில் இருந்தால் தயவு செய்து தமிழ் சப்டைட்டில் போடுங்கள். இங்கிலீஷ் சப்டைட்டில் பல டிஸ்கில் இருக்கும், தமிழ்ப் படத்துக்குத் தமிழ் எழுத்து மட்டும் இருக்காது. அம்மாவுக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. மெஷின் வைத்தாலும் பாட்டும் வசனமும் கலந்து ஒரே இரைச்சலாக இருக்கிறது என்று கழற்றி வைத்துவிடுகிறார். இங்கிலீஷ் படிக்கத் தெரியாது, தமிழ் நன்றாகப் படிப்பார். போன பொங்கலுக்கு ‘முள்ளும் மலரும்’ போட்டோம். அம்மா முழுசும் பார்த்தார். முடிவில் காளியாக வரும் ரஜினி, தங்கச்சியின் கையைக் கொடுத்துவிட்டு இன்ஜினியரான சரத்பாபுவிடம் பேசும் இடம் வந்தது. அம்மா என் பக்கம் திரும்பி, “அன்னைக்குத் தியேட்டர்ல அதுக்கு ஒரே கைதட்டு. என்னடா சொல்வான் அதுல?” என்று கேட்டார். மேஜையில் கிடந்த மளிகைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன்.