புலம்பெயர்னா புலம்பலா?

கேள்வி: 'புலம்பெயர் தமிழர்'னு சொல்றாங்களே, ஊரை விட்டுப் போய் புலம்புறதால வந்த பேரா சார்?

பதில்: கேள்வி நல்லாத்தான் இருக்கு, ஆனா இல்லீங்க. புலம்னா நிலம், இடம். பெயர்றதுன்னா நகர்றது, சுவத்துல காரை பெயர்ந்து விழுதுன்னு சொல்றோமே அதே பெயர்தான், மொழிபெயர்ப்புலயும் அதான் இருக்கு. ஏதோ சமீபத்துல உண்டாக்குன வார்த்தைன்னு நினைச்சுடாதீங்க, சங்க காலத்துப் பாட்டான பட்டினப்பாலையிலயே காவிரிப்பூம்பட்டினத்தைப் பத்திச் சொல்றப்ப "புலம்பெயர் மாக்கள் கலந்து இனிது உறையும்"னு வருது, அதாவது பல மொழி பேசுற நாடுகள்லேர்ந்து வந்தவங்க அங்க ஒண்ணா கலந்து சந்தோஷமா இருந்தாங்கன்னு. பாருங்க, அங்க அது நம்ம ஊருக்கு வந்தவங்களுக்குச் சொன்னது! இப்ப இங்கேர்ந்து போனவங்களுக்குச் சொல்றோம். 1983 கலவரத்துக்கப்புறம் ஈழத்துலேர்ந்து கனடா, ஐரோப்பான்னு போனவங்க எழுத எழுதத்தான் இது இவ்ளோ பரவலாச்சு. அகதி வேற, அது வடமொழி, கதி இல்லாதவர்னு அர்த்தம், எனக்கு அந்த வார்த்தையே பிடிக்காது. புலம்பு? பழந்தமிழ்ல அதுக்குத் தனிமைன்னு அர்த்தம், ஸோ வேர் வேறன்னாலும் நீங்க ரொம்ப தப்பா கேட்டுடல.